சித்திரக்கிரீவன் என்னும் புறா



பனமலையில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலுக்குச் செல்வோர் அதன் சிற்பத்தையும் பழைய ஓவியத்தையும் வியந்து நோக்குவர். கோயில் மாடங்களில் அடையும் புறாவை எங்கும் எவரும் அவ்வாறு நோக்குவதில்லை. மாடத்தில் வாழ்வதால் மாடப்புறா எனப் பெயரிட்டதோடு அதன் கதை முடிந்துவிடுகிறது. அப்பறவையின் வாழ்வைச் சிறுவர்க்கென ஒரு முழுநூலாக்கியவர் தன் கோபால் முகர்ஜி. 1890இல் வங்கத்தில் பிறந்தவர். இளமையிலேயே கடல் கடந்து, 1914இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். 'கரி' என்னும் யானைக் கதையை 1922இல் வெளியிட்டார். 1927இல் வந்த 'கே-நெக்' என்னும் புறாக் கதைக்கு மறு ஆண்டு அமெரிக்காவின் நியூபரி பதக்கம் கிடைத்தது.

அப்புறாவின் இயற்பெயர் சித்திரக்கிரீவன். வண்ணக் கழுத்தன் என்பது பொருள். பஞ்சதந்திரத்தில் வலையோடு பறந்த புறாவரசனுக்கும் இதுவே பெயர். ஆயின் அவ்வரசன் நீதி சொல்ல வந்த அமைச்சன். இறகு மட்டுமே புறாவினது. முகர்ஜியின் புறாவோ, சிற்சில இயல்களில் தன் கதையைத் தானே கூறினும், புறாவாகவே வாழ்கிறது. கல்கத்தா வீட்டு மாடியில் கூட்டைத் தூய்மை செய்யும் சிறுவனைத் தந்தைப்புறா தாக்க, அவன் கையிலிருந்த முட்டை வீழ்ந்து உடைகிறது. எஞ்சிய ஒரு முட்டையினின்றே சித்திரக்கிரீவன் வெளிவருகிறான். அன்போடு நீட்டிய கையும் பறவைக்குப் பகைவன் கையே என்பதை இவ்வளவு எளிதாகச் சிறுவர்க்கு உணர்த்திய இடம் அரிது. பறக்க அஞ்சும் குஞ்சினைத் தந்தை மாடி விளிம்பிலிருந்து தள்ளும் காட்சியும் அத்தகையதே.

பின்னர், முதல் உலகப் போரில் செய்தி சுமக்கப் பிரான்சு செல்லும் அப்புறா, காயமுற்று, பறக்கவே அஞ்சும் பறவையாகத் திரும்புகிறது. அவ்வச்சத்தை ஆசிரியர் கோழைமை என இகழவில்லை. நோய் எனக் கொண்டு, இமயமலை மடத்துத் துறவியிடம் மருந்து தேடுகிறார். அம்மருந்து சற்று எளிதில் பலித்துவிடுகிறது என்பதே இந்நூலின் குறை. மாடியைக் கண்ணால் கண்டு எழுதிய கை, மடத்தை விருப்பத்தால் எழுதியது போலும்!

அச்சம் தீரும் என்று பிறர் குழந்தைகளுக்கு எழுதிய அவர், 1936இல் நியூயார்க்கில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு அகவை 46. அதனால் அவர் எழுதியது பொய்யாகிவிடுமா என்று கேட்போர் உளர். துறவியின் சொற்களை அவர்கள் ஐயுறலாம். கையில் உடைந்த அம்முட்டையை ஐயுற இயலாது.