படுகளத்தில் யாருக்குக் கைதட்டுகிறோம்?

(திருத்தணியில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மல்யுத்தக் கூட்டத்தையும் படுகளக் கூட்டத்தையும் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், சாதி எதிர்ப்பு மேடையில் இது எதற்கு என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒரு கூட்டம் யாருக்குக் கைதட்டுகிறது, யாரைப் பார்த்து ஊளையிடுகிறது என்பது வெறும் ரசனை சார்ந்த விஷயம் இல்லை. யார் நம்மவர், யார் அந்நியர், யார் அடி வாங்கினால் நமக்கு வலிக்காது என்பதையெல்லாம் நாம் சேர்ந்து கத்தித்தான் பழகுகிறோம். சாதியும் அப்படிச் சேர்ந்து பழகிய ஒன்றுதான். அதனால்தான் இந்தப் பேச்சு.

என் வயதுக்காரர்களுக்கு மல்யுத்தம் என்றால் டென் ஸ்போர்ட்ஸ். அண்டர்டேக்கர், ஜான் சீனா, பட்டிஸ்டா படம் போட்ட சீட்டுகளை வைத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாடியிருப்போம். நம் தாத்தாக்களுக்கு அது தாரா சிங், கிங் காங். "எல்லாம் பொய்ச்சண்டை" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அது ஒன்றும் ரகசியமில்லை. இது விளையாட்டுப் போட்டியல்ல, பொழுதுபோக்கு என்று 1989இல் அந்த நிறுவனமே அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. யார் ஜெயிப்பார் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டது. எழுத முடியாதது ஒன்றுதான் இருக்கிறது: கூட்டத்தின் குரல்.

அந்தத் தொழிலில் நல்லவருக்கு 'ஃபேஸ்' என்று பெயர், கெட்டவருக்கு 'ஹீல்'. ஹீலின் வேலை தோற்பது மட்டுமல்ல. அதற்கு முன்னால் கூட்டத்தின் வெறுப்பைச் சம்பாதிக்க வேண்டும். வெறுப்பை எப்படிச் சம்பாதிப்பது? ஏற்கெனவே ஊரில் இருக்கிற வெறுப்பை எடுத்து உடுத்திக்கொள்வதுதான் சுலபமான வழி. ஈரானில் பிறந்த ஒரு வீரர் 'அயர்ன் ஷேக்' என்ற பெயரில் அமெரிக்க மேடைகளில் வில்லனாக இருந்தார். டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தினர் பிணைக்கைதிகளாக இருந்த காலத்தின் கோபம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது. 1984 ஜனவரியில் நியூயார்க்கில் ஹல்க் ஹோகன் அவரை வீழ்த்தியபோது அரங்கமே எழுந்து ஆடியது. 1991இல் வளைகுடாப் போர் வந்ததும் அதே மனிதருக்கு 'கர்னல் முஸ்தபா' என்று பெயர் மாற்றி, ஈராக்கியராக்கி இறக்கினார்கள். ஈரானும் ஈராக்கும் எட்டு வருடம் ஒன்றையொன்று அடித்துக்கொண்ட நாடுகள். கூட்டத்துக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. திட்டுவதற்கு ஒரு முகம் கிடைத்தது, போதும்.

ஆனால் கூட்டம் எப்போதும் எழுதிக்கொடுத்தபடி கத்துவதில்லை. 1997 மார்ச்சில் சிகாகோவுக்கு அருகில் பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும் மோதினார்கள். பிரெட் நல்லவர், ஆஸ்டின் கெட்டவர் என்பது கணக்கு. ஆனால் அதற்கு முன்பே கூட்டத்தில் ஒரு பகுதி ஆஸ்டின் பக்கம் சாய ஆரம்பித்திருந்தது. நிறுவனம் அதைப் பார்த்துத்தான் ஆட்டத்தை அமைத்தது. முகமெல்லாம் ரத்தம் வழிய, பிடியில் சிக்கி, ஆஸ்டின் "தோற்றேன்" என்று சொல்லாமலே மயங்கினார். ஆட்டம் முடியும்போது கெட்டவர் நாயகனாகிவிட்டார், நாயகர் கெட்டவராகிவிட்டார். 2014இல் டேனியல் பிரையன் என்ற, உருவத்தில் சிறிய வீரரை நிறுவனம் ஓரங்கட்டியபோது, கூட்டம் மாதக்கணக்கில் கத்தியே அந்த வருட ரெஸில்மேனியாவின் முக்கியச் சண்டைக்குள் அவரைக் கொண்டுவந்து சேர்த்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

தொண்டை மண்டலத்தில் பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் ஊர் ஊராகத் திரௌபதி அம்மன் விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவார், பீமன் வண்டிச் சோறு தின்றுகொண்டு பகாசுரனைத் தேடிப் போவார். கடைசி நாள் காலை படுகளம், மாலை தீமிதி. எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூர், சித்தூர் என்று போனால் இதுவே தெலுங்கில் 'துரியோதன வதம்'.

படுகளத்தைப் பார்க்காத தோழர்களுக்காகச் சொல்கிறேன். திறந்த மைதானத்தில் துரியோதனனைப் பெரிய மண்ணுருவமாகச் செய்து மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள். கூத்தாடிகள் இருவர், துரியோதனனும் பீமனுமாக, அந்த உருவத்தைச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். நான்கு பக்கமும் சனம். மரத்தின் மேல், மொட்டைமாடியில், டிராக்டர் மேல். கடைசியில் பீமன் தொடையில் அடிக்க, சிவப்புக் கரைசல் வெளியே வர, அதைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிப்பாள். பீமன்தான் ஜெயிப்பான் என்று மைதானத்தில் நிற்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அடி விழும் நொடியில் எழுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

என் முனைவர் பட்ட ஆய்வு கூத்துப் பார்வையாளர்களைப் பற்றியது. அதனால் கூத்து நடக்கும்போது நான் ஆட்டத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "ஏம்மா, கூத்து அந்தாண்ட நடக்குது" என்று ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஓர் ஆயா என்னைத் திருப்பிவிடப் பார்ப்பார். அப்படி உட்கார்ந்து பார்த்ததில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நம் கூட்டம் துரியோதனனை முழுதாக வெறுப்பதில்லை. திரைக்குப் பின்னாலிருந்து அவன் பாடிக்கொண்டு வருவதுதான் இரவின் பெரிய வருகை. கிரீடமும் புஜக்கட்டையும் அவனுக்குத்தான் எடுப்பாக இருக்கும். துகில் உரியும் இரவில் துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றித் திரௌபதியைக் கும்பிடுவார். இது என் வேடம், என் எண்ணமல்ல என்று சொல்கிற கும்பிடு அது. படுகளத்தில் துரியோதனன் விழுந்த பிறகு ஒப்பாரி எழும். சற்று முன்பு கூச்சல் போட்ட பெண்கள் முந்தானையால் கண் துடைப்பார்கள். பிறகு அந்த மண்ணுருவத்திலிருந்தே ஒரு பிடி மண்ணை வீட்டுக்கு எடுத்துப்போவார்கள், தானியம் பெருகட்டும் என்று. வில்லனைக் கொன்று, அழுது, அவன் உடம்பையே வரமாக வாங்கிப்போகிற கூட்டம் இது.

இரண்டாவது, கர்ணன். சாவு வீட்டில் காரியத்தன்று விடிய விடியக் 'கர்ண மோட்சம்' நடத்துவது இந்தப் பகுதியின் வழக்கம். தேரோட்டி மகன் என்று சபையில் இழிவுபடுத்தப்பட்டவன் சாகும்போது அழாத ஊர் கிடையாது. சாதி இந்துக்களின் தெருவிலும் அழுகிறார்கள், நம் தெருவிலும் அழுகிறார்கள்.

பாரதத்திலேயே ஓர் அரங்கக் காட்சி இருக்கிறது. துரோணர் தன் மாணவர்களின் வித்தையை ஊருக்குக் காட்டுகிறார். பார்வையாளர் மேடை கட்டியிருக்கிறார்கள். பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு இறங்குகிறார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் கத்துகிறது. கலவரம் ஆகிவிடும் என்று பயந்து துரோணர் அசுவத்தாமனை அனுப்பி ஆட்டத்தை நிறுத்துகிறார். அப்போதுதான் கர்ணன் உள்ளே வருகிறான். அர்ச்சுனன் செய்ததையெல்லாம் தானும் செய்கிறான். கூட்டம் மறுபடி பிரிகிறது. உடனே கிருபர் ஒரு கேள்வி கேட்கிறார்: உன் குலம் என்ன? கர்ணன் தலை குனிகிறான். துரியோதனன் அவனுக்கு அங்க நாட்டைக் கொடுக்கிறான். கர்ணனின் வளர்ப்புத் தந்தை தேரோட்டி என்று தெரிந்ததும், உனக்கு வில் எதற்கு, சாட்டையை எடு என்று ஏளனம் செய்தது யார் தெரியுமா? படுகளத்தில் நாம் கைதட்டுகிறோமே, அந்தப் பீமன்.

திறமை சமமாக இருந்த இடத்தில், கூட்டம் பிரிந்து நின்ற நேரத்தில், ஆட்டத்தை முடித்துவைத்தது பிறப்பைப் பற்றிய ஒரு கேள்வி. யார் களத்தில் இறங்கலாம் என்ற விதி அங்கே எழுதப்படுகிறது. கதாயுத யுத்தத்தில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பதும் விதிதான். அதைப் பீமன் மீறும்போது கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. திரௌபதிக்கு நடந்த அநியாயத்துக்கு அது பதில் என்பதால் ஆர்ப்பரிக்கிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஒரு விதியை மீறலாம், ஆனால் குலம் கேட்கிற விதியை மட்டும் யாரும் மீறக் கூடாது என்பதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கூட்டத்தில் யார் எங்கே நிற்கிறார்கள்?

நான் போன சில ஊர்களில், நம் ஆட்கள் பறை அடித்துக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் போவார்கள். கோயில் வாசல் வந்ததும் நின்றுவிடுவார்கள். விழாவுக்கு வரி வசூலிக்கும் பட்டியலில் நம் தெரு இருக்காது. நன்கொடை கொடுத்தவர்களின் பெயரைக் கட்டியங்காரன் ஒவ்வொன்றாகச் சொல்லிப் புகழும்போது அதில் நம் பெயர் வராது. கூத்தை ஓரத்திலிருந்து பார்க்கலாம், யாரும் தடுப்பதில்லை. ஆனால் அந்த விழா யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகமும் இல்லை.

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் இருப்பதும் ஒரு திரௌபதி அம்மன் கோயில்தான். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன தலித்துகள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தை மேல் பேச்சுவார்த்தை நடந்தும் வழி பிறக்காமல் ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி பூசைக்கு மட்டும் திறந்தார்கள். போலீஸ் பாதுகாப்போடு தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆனது. இரண்டு வருடம். சபையில் ஒரு பெண்ணை அவமானப்படுத்தியதற்காக ஒரு குலத்தையே அழிக்கச் சபதம் எடுத்த அம்மனின் கோயில் அது. கர்ணனுக்காக அழுகிற மரபு வேரூன்றிய வட மாவட்டம் அது. அழுகையும் அடியும் ஒரே பண்பாட்டுக்குள் எப்படி இருக்க முடிகிறது?

என்னுடைய பதில் இது. கூத்தில் கர்ணனுக்காக அழுவதற்கு எந்த விலையும் கொடுக்க வேண்டியதில்லை. அவன் ராஜா மகன் என்பது முன்பே நமக்குத் தெரியும், அவனும் விடிவதற்குள் செத்துவிடுவான். நாளைக் காலையில் அவன் வந்து குழாயில் தண்ணீர் பிடிக்கப் போவதில்லை, பெண் கேட்கப் போவதில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கிறவர் உயிரோடு இருக்கிறார், உரிமை கேட்கிறார். அவருக்குக் கைதட்டினால் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

கூட்டம் எழுத்தை மீறினால் நல்லது என்று மல்யுத்தத்தை வைத்துச் சொன்னேன். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2023 ஜூனில் மாரி செல்வராஜின் 'மாமன்னன்' வந்தது. அதில் ஃபகத் ஃபாசில் நடித்த ரத்னவேலு சாதி வெறியர். தோற்ற தன் நாயையே அடித்துக் கொல்கிறவர். படம் ஓடிடியில் வந்ததும் நடந்தது என்ன? அந்தப் பாத்திரத்தின் காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டு சேர்த்து, ரீல்ஸாகப் பரப்பினார்கள். இயக்குநர் ஹீலாக எழுதியவரைக் கூட்டம் ஃபேஸ் ஆக்கிக்கொண்டது. ஆஸ்டினுக்கும் இவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாளியை எதிர்க்கிற கோபம் ஆஸ்டினை நாயகனாக்கியது. எதிரில் இருப்பவர் உட்காரக் கூடாது என்கிற ஆணவம் ரத்னவேலுவை நாயகனாக்கியது. எனவே கூட்டம் மீறுகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. எதை மீறுகிறது, யாருக்காக மீறுகிறது என்று கேட்க வேண்டும்.

இதை முன்பே புரிந்துகொண்டவர் எம்.ஆர்.ராதா. ஊரே கும்பிடும் ராமனைத் திராவிட இயக்க மேடையில் கேள்விக்குள்ளாக்கினார். கூட்டம் காசு கொடுத்து வந்து பார்த்தது. கைதட்டுகிற திசை மாறினால் என்ன ஆகும் என்பது ஆள்பவர்களுக்கும் தெரிந்திருந்தது. 1954இல் நாடகங்களைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே வந்தது.

அப்படியானால் படுகளத்தை விட்டுவிடலாமா என்று சில தோழர்கள் கேட்பார்கள். கூத்துக் கலைஞர்களில் பெரும்பாலோர் உழைக்கும் சாதிகளிலிருந்து வந்தவர்கள். அந்த மண்ணும் அந்தப் பறையும் நம்முடையவை. விட்டுவிட்டு வருவது தீர்வல்ல. விழாக் குழுவில் இடம் கேட்போம். வரிப் பட்டியலில் நம் தெருவைச் சேர்க்கச் சொல்வோம். கட்டியங்காரன் வாயில் நம் பெயர் வரட்டும். தேர் நம் தெருவுக்கும் வரட்டும். இவை எல்லாம் சின்னக் கோரிக்கைகள் போலத் தெரியும். கேட்டுப் பாருங்கள், எவ்வளவு பெரியவை என்று தெரியும்.

கூடவே இன்னொரு வேலையும் இருக்கிறது. கிருபர் குலம் கேட்கிற இடம் வரும்போது, கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து "அதை ஏன் கேக்கறே?" என்று உரக்கச் சொல்ல வேண்டும். கூத்தில் அதற்கு இடமிருக்கிறது. கட்டியங்காரன் கூட்டத்தோடு பேசுகிறவன்தானே, பதில் சொல்லட்டும். கூத்து எழுதுகிற, ஆடுகிற தோழர்கள் அந்தக் கேள்வியை ஆட்டத்துக்குள்ளேயே கொண்டுவரலாம்.

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திராவிலிருந்து தமிழகத்தோடு சேர்ந்தது. மக்கள் கூடிக் கத்தியதால், சிறை போனதால் ஒரு மாநிலத்தின் எல்லையே நகர்ந்த ஊர் இது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற எல்லை மட்டும் அன்று நகரவில்லை. அதையும் நகர்த்தலாம். வருகிற விழாவில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், யாரோடு சேர்ந்து கத்துகிறீர்கள் என்று பாருங்கள். பிறகு பேசுவோம்.

 ஜெய் பீம்.