பழம்படம் புகல்வது
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



அல்சூரில் கூடியுள்ள நாம், நமது நகரின் பழைய நிழற்படம் ஒன்றைக் குறித்துச் சிறிது நேரம் சிந்திப்போம். அது, நம் முதியோர் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்று வழங்கிய இந்திய அறிவியல் கழகத்தின் படம். 1909இல் தோன்றி, 1958இல் பல்கலைக்கழகத்திற்கு ஒப்பான நிலை எய்திய கழகம் அது.

படத்தின் நடுவே கோபுரம் உயர்ந்து நிற்கிறது. இருபுறமும் கட்டடத்தின் சிறகுகள் விரிந்துள்ளன. முன்னே வெட்டவெளி. இன்று அங்கே நாம் காணும் அடர்ந்த மரச்சோலை அப்படத்தில் இல்லை. படத்தில் ஆண்டு குறிக்கப்படவும் இல்லை. பின் எவ்வாறு காலத்தை அறிவது?

இருப்பதைக் காண்பது ஒரு கண்; இல்லாததைக் காண்பது மற்றொரு கண். கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியவர் மைசூர் மன்னர் கிருஷ்ணராஜ உடையார், ஆண்டு 1911. ஆகவே படம் அதற்குப் பிற்பட்டது. முற்றத்தில் ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் சிலை நிறுவப்பெற்றது 1922இல். முற்றம் முழுவதும் தெரியும் படத்தில் அச்சிலை காணப்படவில்லையெனில், படம் அதற்கு முற்பட்டது. இவ்வாறு, பத்தாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட கால எல்லைக்குள் அதனை அடக்கிவிடுகிறோம். நம் திருச்சி மண் ஈன்ற சர் சி. வி. இராமனை அப்படத்தில் தேடுதல் வேண்டா. அவர் இயக்குநராக வந்தது 1933இல்தான்!

சிலை இல்லாத அம்முற்றம் மற்றொன்றையும் நினைவூட்டுகிறது. இக்கழகத்தைக் கனவு கண்ட டாட்டா 1904இலேயே மறைந்தார். தம் கனவு கல்லாய் எழுந்ததை அவர் கண்ணாரக் கண்டிலர்.

வெட்டவெளியென்று தோன்றும் நிலமும் வெறும் நிலமன்று. மைசூர் அரசு மனமுவந்து வழங்கிய 371 ஏக்கர் கொடை அது. கொடையைப் படம் காட்டாது, ஏடுதான் காட்டும். ஆதலின் படத்தையும் ஏட்டையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும்.

இனி, அக்கல்லை உடைத்தவர் யார்? சுமந்தவர் யார்? சாரத்தில் ஏறி நின்றவர் யார்? படத்தில் அவர்கள் இல்லை. 1809 முதல் வளர்ந்த இத்தண்டுப் பகுதியில், படையோடும் படையைத் தொடர்ந்தும் தமிழ் மக்கள் பலர் வந்து குடியேறினர் என்பது வரலாறு. அதனால், 'எல்லாம் நம்மவர் கைவண்ணமே' என்று சொல்ல நா எழும். ஆயினும் சான்றின்றி உரிமை கொண்டாடுதல் தமிழர்க்கு அழகன்று. பெயரற்றுப் போன அக்கைகளை, எம்மொழியினராயினும், வணங்குவோம்.

அன்பர்களே! இப்பெயரின்மை நம் வீடுகளிலும் நேர்ந்துகொண்டிருக்கிறது. பெட்டியின் அடியில் பாட்டனார் படம் கிடக்கிறது. அருகே நிற்பவர் அத்தையா, பெரியம்மாவா என்று கேட்டால் விடை கூற ஒரு முதியவரே எஞ்சியிருப்பார். அவரும் போய்விட்டால் அம்முகம் வெறும் முகமே.

ஆகவே ஒன்று செய்வோம். இவ்வாரமே படங்களை எடுத்து முதியோர் முன் வைப்போம். பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் கேட்டுப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் அழுத்தாது எழுதுவோம். மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். ஆண்டு தெரியாவிடின் அடையாளம் தேடுவோம். நம் அல்சூரில் திருவள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டு 9இல் திறக்கப்பெற்றது. அவர் திருமுகம் தெரியும் படம் அந்நாளுக்குப் பிந்தியதென்று நம் பேரர்கள் எளிதில் கணிப்பர். கைப்பேசியில் எடுக்கும் படங்கட்கும் இன்றே பெயர் சூட்டி வைப்போம்.

கல்லில் எழுந்த கழகத்திற்கு ஏடுகள் உள்ளன. பிழைப்பு நாடி வந்த குடும்பங்கட்கு நாமே ஏடு.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.