சி.டி. ஸ்கேனுக்கு முன் சொல்ல வேண்டியவை

சி.டி. ஸ்கேன் என்றதும் கதிர்வீச்சை நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். தயக்கம் நியாயமானதே, ஆனால் அளவையும் பார்க்க வேண்டும். தலைக்கு எடுக்கும் ஸ்கேனில் கதிர்வீச்சின் அளவு சுமார் 2 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஓராண்டில் நாம் பெறுவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். வயிற்று ஸ்கேனில் இது சில மடங்கு கூடும் என்பது உண்மை. ஆகவே தேவையின்றி எடுக்கக் கூடாது. டாக்டர் அவசியம் என்றால் தள்ளிப்போடவும் கூடாது.

அச்சத்தைவிட நோயாளி தரும் தகவலே அதிகம் பாதுகாக்கும். கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை, சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் ஆகியவற்றை முன்கூட்டியே சொல்லுங்கள். படம் தெளிவாகத் தெரிய நரம்பில் சாய மருந்து ஏற்றினால் உடம்பில் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை தெரியும். சற்று நேரத்தில் அடங்கிவிடும். அரிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் மட்டும் பொறுத்திருக்காமல் உடனே ஊழியரிடம் சொல்லுங்கள்.