வீடு உள்ளவர்களின் துக்கம்

(இயக்க மாணவர்களின் வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மூன்று மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் ஒரு தம்பி கவிதை வாசித்தார். விடுதி அறையில் ராத்திரி தனியாக இருப்பது பற்றி. வேறொன்றும் அதில் இல்லை. "இது வெறும் புலம்பல் தம்பி, இதுல அரசியல் எங்க இருக்கு?" என்று கேட்டவன் நான்தான். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் கூட்டத்துக்கு வரவில்லை.

எப்பவும் காதுல ஏதோ மாட்டிக்கிட்டே இருப்பாரே, என்னதான் கேட்பார் என்று அவருடைய அறைத்தோழரிடம் விசாரித்தேன். 'மிட்வெஸ்ட் இமோ' என்றார். எனக்குப் பெயரே புதுசு. அன்றிலிருந்து கேட்டுக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்கிறேன். அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

இமோஷனல் என்பதன் சுருக்கம் இமோ. பாடினவர்களுக்கே பிடிக்காத பெயர், ஆனாலும் ஒட்டிக்கொண்டது. பிறந்த இடம் வாஷிங்டன். 1980 கணக்கெடுப்பில் அந்நகர மக்களில் நூற்றுக்கு 70 பேர் கறுப்பர்கள். அங்கே ஹார்ட்கோர் பங்க் என்னும் அதிவேக இசைக்குத் தடம் போட்டது 'பேட் பிரெயின்ஸ்' என்ற கறுப்பர் குழு. அவர்களைப் பார்த்து வளர்ந்த வெள்ளைப் பையன்கள் 1985 வாக்கில் 'ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்', 'எம்பிரேஸ்' என்று குழு கட்டினார்கள். கோபத்தை மட்டும் கத்திக்கொண்டிருந்த மேடையில் குரல் உடைந்து அழ ஆரம்பித்தார்கள். அதே 1985 கோடையில் அந்த வட்டத்துப் பிள்ளைகள் டிரம்மும் கையில் கிடைத்த சாமான்களுமாகத் தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்கு எதிரே நின்று, நிறவெறி ஆட்சியைக் கண்டித்து அடித்தார்கள். அழுகையும் அடியும் ஒரே கூட்டத்தில் இருந்த காலம் அது.

பத்து வருஷத்தில் இது சிகாகோவைச் சுற்றிய மத்திய மேற்கு மாநிலங்களுக்குப் போய் வேறொன்றாக மாறியது. சோளக்காடு, பனி, நடுவில் ஒரு பல்கலைக்கழக ஊர். வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் முப்பது நாற்பது பேர் கூடுவதுதான் கச்சேரி. 'பாலிவினைல்' என்ற அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனம்கூட முதலில் நம்மைப் போலச் சிற்றிதழாக ஆரம்பித்ததுதான்.

'கேப்'ன் ஜாஸ்' குழுவின் 1995 தொகுப்பைக் கேட்டால் பள்ளிக்கூடப் பையன்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து கத்துவது போல இருக்கும். அதில் டிரம் அடித்த மைக் கின்செல்லா பிறகு 'அமெரிக்கன் ஃபுட்பால்' என்ற மூவர் குழுவில் கிதார் எடுத்துக்கொண்டு பாட வந்தார். 1999இல் அவர்களுடைய முதல் தொகுப்பு வெளிவந்தது. அதில் கத்தலே இல்லை. கிதாரின் கரகரப்பை எடுத்துவிட்டார்கள். தந்திகளின் சுருதியை வழக்கத்துக்கு மாறாகக் கட்டி, ஒவ்வொன்றாக மீட்டுகிறார்கள். இரண்டு கிதார், இரண்டும் வேறுவேறு கணக்கில் போய் எங்கேயோ சந்திக்கும். நான்கு நான்காக எண்ணிப் பழகிய காலுக்குத் தாளம் பிடிபடாது, தப்பிப்போகும். திடீரென்று தூரத்தில் ஒரு டிரம்பெட் கேட்கும். பாடுகிறவர் பயிற்சி பெற்ற பாடகர் மாதிரி இல்லை, தனக்குள் பேசிக்கொள்கிறார். சொல் கொஞ்சம்தான், மீதி நேரமெல்லாம் கிதார்தான் யோசித்துக்கொண்டிருக்கிறது. உண்மையைச் சொல்றேன், மூணாவது நாள் ராத்திரி எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை.

அந்தத் தொகுப்பின் அட்டையில் மனிதர் யாரும் இல்லை. ஒரு வீடு. இலினாய்ஸ் மாநிலத்து அர்பானாவில் மாணவர்கள் வாடகைக்கு இருந்த சாதாரண வீடு, மாடி ஜன்னலில் மட்டும் வெளிச்சம். உலகம் முழுக்க இருந்து ரசிகர்கள் போய் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இடித்துவிடக் கூடாதென்று 2023இல் குழுவும் நிறுவனமும் வேறு சிலருமாகச் சேர்ந்து அதை விலைக்கே வாங்கினார்கள்.

இங்கேதான் எனக்கு உறுத்தியது. ஊர், சேரி என்று பிரித்து வைக்கப்பட்டவனுக்கு வீட்டுப் படத்தைப் பார்த்தால் அது எந்தத் தெரு என்றுதானே கேட்கத் தோன்றும்? பொழுது சாய்ந்தபின் கறுப்பர் இருக்கக் கூடாது என்று வைத்திருந்த ஊர்களை அங்கே 'சன்டவுன் டவுன்' என்கிறார்கள். இலினாய்ஸில் மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்ததாக ஜேம்ஸ் லோவன் 2005இல் எழுதிய நூலில் காட்டுகிறார். அர்பானாவை ஒட்டிய ஷாம்பெய்னில் கறுப்பர்கள் வடக்குப் பக்கமாக ஒதுக்கப்பட்டிருந்தார்கள். அந்த இரட்டை ஊரில் இருக்கும் பல்கலைக்கழகம் 1968இல்தான் 500க்கும் மேற்பட்ட கறுப்பு மாணவர்களை ஒரே தடவையில் சேர்த்தது. சொன்னபடி விடுதி அறையும் உதவித்தொகையும் கிடைக்கவில்லை என்று அவர்கள் மாணவர் மன்றக் கட்டடத்தில் ராத்திரி உட்கார்ந்தார்கள். 200க்கும் மேற்பட்டவர்களைப் போலீஸ் கைது செய்தது. 31 வருஷம் கழித்து அதே ஊரிலிருந்து வந்ததுதான் அந்த ஜன்னல் வெளிச்சம்.

அந்த மூன்று பையன்கள் குற்றவாளிகள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் துக்கம் பொய்யில்லை. பொய்யாக இருந்தால் எனக்கு அப்பா ஞாபகம் வந்திருக்காது. ஆனால் அந்த ஜன்னலைச் சுற்றியிருக்கும் அமைதி தானாக வந்ததில்லை. யாரையோ வெளியே நிறுத்தி உண்டாக்கினது. அது இந்த இசையில் கேட்கவே கேட்காது. பெண்களும் அப்படித்தான், அழுகைக்குக் காரணமாக வருவார்கள், பேச வரமாட்டார்கள். ஜெசிகா ஹாப்பர் 2003இல் சிகாகோவின் 'பங்க் பிளானட்' இதழில் இதைச் சண்டை போட்டே எழுதினார். தூதரக வாசலில் அடித்த டிரம் சத்தம் வழியில் எங்கேயோ நின்றுபோனது.

நம்ம கதை வேற. ஊர்க்காரன் வீட்டுச் சாவுக்கு நம் ஆட்கள் பறையடிக்கணும், நம் பெண்கள் ஒப்பாரி வைக்கணும். அடிக்க மாட்டோம் என்று சொன்ன ஊர்களில் அடி விழுந்தது, குடிசை எரிந்தது. அடுத்தவன் துக்கத்துக்கு அழ வைக்கப்பட்டவர்கள் என்பதால் அழுகை என்றாலே நமக்கு ஒரு கூச்சம். கோபம்தான் மரியாதை என்று ஆகிவிட்டது. நம் இதழ்களில் வரும் கவிதைகளை எடுத்துப் பாருங்க, என்னுடையதும் சேர்த்துத்தான் சொல்றேன், எல்லாம் ஓங்கின கை. ராத்திரி அறையில் அந்தக் கை என்ன செய்கிறது என்று ஒரு வரி இருக்காது.

விடுதி அறை நமக்குச் சும்மா கிடைத்ததா? அதில் எந்தப் பெயரைச் சொன்னதும் பக்கத்துக் கட்டில்காரன் பேச்சை நிறுத்தினான், யார் சாப்பாட்டு மேசையில் தள்ளி உட்கார்ந்தான் என்பதெல்லாம் அந்தத் தம்பியின் தனிமையில் இருந்திருக்கும். நான் கேட்கவில்லை. அந்த இலினாய்ஸ் பையன்களிடம் அவர் வெளிச்சத்தைத் தேடிப் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆம்பிளைப் பையன் மெதுவாகப் பேசலாம் என்கிற அனுமதியைத் தேடிப் போயிருக்கிறார். நாம் கொடுக்காத அனுமதி.

அந்தக் கவிதையை அடுத்த இதழுக்குக் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. இங்கே யாராவது அவரைப் பார்த்தால், நான் முழுசாக ஒரு தடவை படிக்கணும்னு கேட்டதாகச் சொல்லுங்க.