முதலில்லாத் தொழிலும் நூறுநாள் தண்டலும்

(தாராவியில் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற மாதக் கூட்டம் முடிந்து ஜமக்காளத்தைச் சுருட்டும் நேரத்தில் ஓர் இளைஞர் வந்து கேட்டார்: "வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கையில் காசில்லை. சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று பார்க்கிறேன். வழி சொல்லுங்கள்." பக்கத்திலிருந்த பெரியவர் சிரித்துவிட்டார். "ரயில்வே குமாஸ்தாக்களிடம் போய் வியாபாரம் கேட்கிறாயே தம்பி! மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர்கள் அல்லவா இவர்கள்!"

அண்ணாச்சி சொன்னது உண்மை. நாங்கள் தராசு பிடித்தவர்கள் அல்ல. ஆனால் சங்கத்தின் படியேறி வருகிற வழக்குகளில் பெரும்பாலானவை கடன் வழக்குகள். கணவன் மனைவி சண்டை என்று வரும். உட்கார வைத்து விசாரித்தால் அடியில் ஒரு கடன் இருக்கும். அந்தக் கணக்குகளை எழுதி எழுதித் தெரிந்துகொண்டதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

நம்மில் ஒருவர் தொழில் தொடங்க நினைத்தால் முதலில் வாசலுக்கு வருகிறவர் யார்? வங்கிக்காரர் அல்ல, தண்டல்காரர். கையெழுத்து வேண்டாம், சாட்சி வேண்டாம், மோட்டார் சைக்கிளில் வந்து அப்போதே தருகிறார். 10,000 ரூபாய் கடன் என்று பேச்சு. கையில் கொடுப்பது 9,000. தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரம்தானே போகிறது, பத்து விழுக்காடுதானே" என்று நாம் நினைக்கிறோம். அங்கேதான் ஏமாறுகிறோம். முதல் நாளே 100 ரூபாய் திரும்பிப் போய்விடுகிறது. ஐம்பதாம் நாள் அவர் பணத்தில் பாதிதான் நம்மிடம் மிச்சம். சராசரி பார்த்தால் அந்த நூறு நாளும் நம் கையில் இருந்தது 4,500 ரூபாய்தான். அதற்கு ஆயிரம் ரூபாய் வட்டி! ஆண்டுக் கணக்கில் இது 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அதே 10,000 ரூபாயை வங்கியில் 12 விழுக்காட்டுக்கு வாங்கி மாதத் தவணையாக அடைத்தால், ஓராண்டு முழுவதற்கும் வட்டி 660 ரூபாய் சொச்சம். அங்கே ஓராண்டுக்கு 660, இங்கே நூறு நாளுக்கு ஆயிரம்.

இன்னொன்றும் உண்டு. மழையில் தண்டவாளம் மூழ்கி வண்டி ஓடாவிட்டால் எங்கள் சம்பளம் குறைவதில்லை. இட்லிக் கூடை தூக்குகிறவருக்கு அன்று வரும்படி இல்லை. தண்டல்காரருக்கு அதெல்லாம் கணக்கில்லை. முழங்கால் தண்ணீரிலும் வந்து நிற்பார்.

அப்படியானால் கடனில்லாமல் எப்படித் தொடங்குவது? 90 அடி சாலைப் பக்கம் இருக்கும் ஒரு சகோதரியின் கதையைச் சொல்கிறோம். கட்டட வேலையில் சாரம் சரிந்து அவர் கணவருக்குக் கால் முறிந்தது. வீட்டில் இருந்தது ஓர் இட்லிக் குண்டானும் அரை மூட்டை கவலையும். பக்கத்து அறையில் திருநெல்வேலிப் பையன்கள் பத்துப் பேர் தங்கியிருந்தார்கள். காலையில் டீயும் பாவும் தின்றுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள். அக்கா அவர்களிடம் போய், "நாளைக்கு முப்பது ரூபாய்க்கு இட்லி தருகிறேன். ஆனால் ஒரு வாரக் காசை முன்னாலேயே தரவேண்டும்" என்றார். ஆறு பேர் சம்மதித்தார்கள். ஆறு நாளுக்கு ஆளுக்கு 180, ஆக 1,080 ரூபாய். அதுதான் முதல். கிரைண்டர் வாங்கவில்லை, எதிர்வீட்டுக் கிரைண்டரில் அரைத்து, கூலியாக அவர்களுக்குத் தினம் ஒரு கிண்ணம் மாவு கொடுத்தார். மூன்று மாதத்தில் இருபத்திரண்டு பேர் சாப்பிட்டார்கள்.

அதே மாதம் அவருடைய தம்பி தண்டல் வாங்கி இளநீர் வண்டி போட்டார். ஜூன் மாதம் மழை பிடித்தது. முதல் தண்டலை அடைக்க இரண்டாம் தண்டல், அதை அடைக்க அக்காவின் கம்மல். கடைசியில் வண்டியும் போயிற்று. சுறுசுறுப்பில் அவர் அக்காவுக்கு இளைத்தவர் அல்ல. அக்காவுக்குச் சாப்பிடுகிறவர்கள் முன்னால் காசு கொடுத்தார்கள். தம்பியின் காசைத் தண்டல்காரர் முன்னால் எடுத்துக்கொண்டார். வித்தியாசம் அவ்வளவே.

இது இந்த ஊருக்குப் புதிதல்ல. பஞ்சாலைகள் ஓடிய காலத்தில் கிரண்காவில் ஆலைத் தொழிலாளர்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட மராட்டியப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சாப்பிடுகிறவர் பணம் தருவது சம்பளத்தன்று. அதுவரை அரிசிக்கும் விறகுக்கும் மளிகைக் கடையில் கடன், வட்டிக்காரரிடம் கடன். மாதமெல்லாம் அடுப்பில் வெந்தவருக்கு மிஞ்சியது வட்டிக் கணக்கு. 1975இல் பிரேமா புரவ் அம்மையார் அவர்களை அன்னபூர்ணா மகிளா மண்டலாகத் திரட்டி, தேசியமயமான வங்கியின் படியேற்றிக் கடன் வாங்கிக் கொடுத்த பிறகுதான் அந்தப் பிடி தளர்ந்தது. தனியாகப் போனால் வங்கிக் காவலாளியே திருப்பி அனுப்பியிருப்பார். கூட்டமாகப் போனார்கள்.

லிஜ்ஜத் அப்பளம் நம் வீடுகளில் எல்லாம் பொரிகிறது. 1959 மார்ச் 15 அன்று கிர்காவில் ஒரு கட்டடத்து மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கியது அது. முதல் நாள் இட்டது நான்கு பாக்கெட். கடனாகத்தான் வாங்குவோம், நன்கொடை வேண்டாம் என்பதில் உறுதியாக நின்றார்கள்.

நம் சங்கத்துச் சீட்டுக்கு வருவோம். இருபது பேர், மாதம் ஆளுக்கு 500, குலுக்கலில் விழுந்தவருக்கு 10,000. ஏலமும் இல்லை, தள்ளும் இல்லை, வட்டியும் இல்லை. நன்றாகத்தான் நடந்தது. ஒருமுறை மூன்றாம் சீட்டை எடுத்தவர் ஊருக்குப் போனவர் திரும்பவே இல்லை. பாக்கி பதினேழு தவணை, 8,500 ரூபாய். செயற்குழுவில் இருந்த நாங்கள் நான்கு பேர் பங்கிட்டுக் கட்டினோம். வீட்டில் வாங்கிய ஏச்சு தனிக் கணக்கு! தவறு எங்களுடையது. ஒரே ஊர்க்காரர் என்று முகத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டோம். இப்போது எடுக்கிறவருக்குச் சீட்டிலிருந்தே இருவர் பொறுப்பேற்க வேண்டும். முதல் மூன்று மாதம் குலுக்குவதும் இல்லை. தொழில் தொடங்குகிறவருக்கு அவை ஒதுக்கப்பட்டவை.

அடுத்து, இடம். இங்கே எங்கள் பிழைப்பைப் பற்றியே சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்டம் இருக்கும் இடம் ரயில் நிலையம் என்று எல்லோரும் அங்கேதான் கூடையை இறக்குகிறார்கள். 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் ரயில்வே நிலத்துக்குப் பொருந்தாது. அங்கே உரிமமில்லாமல் விற்றால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 144ஆம் பிரிவில் வழக்கு. சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. எல்பின்ஸ்டன் ரோடு நடைமேம்பாலத்தில் 2017 செப்டம்பரில் 23 பேர் நெரிசலில் இறந்தார்கள். அதற்குப் பின், அந்த நவம்பரில், நிலையத்திலிருந்து 150 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எங்களைத் தெரியும் என்று யாரும் பிளாட்பாரத்தில் நின்று மாட்டிக்கொள்ள வேண்டாம். எங்களால் விடுவிக்க முடியாது.

ரயில்வே எல்லைக்கு வெளியே நிலைமை வேறு. விற்கும் சான்றிதழ் வாங்குங்கள். மாநகராட்சி வண்டி வந்து சரக்கை அள்ளினால், அள்ளியவற்றின் பட்டியலைக் கையெழுத்திட்டுத் தரவேண்டும் என்கிறது சட்டத்தின் 19ஆம் பிரிவு. அழுகும் பொருளை, கேட்ட அன்றே திருப்பித் தரவேண்டும். மற்றதை இரண்டு வேலை நாளில். "பட்டியல் கொடுங்கள்" என்று நீங்கள் தனியாகக் கேட்டால் தள்ளிவிடுவார்கள். எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள், பத்துப் பேராக வந்து கேட்போம்.

தெருவில் ஏற்கனவே விற்றுக்கொண்டிருப்பவர்களுக்கு, கொரோனாக் காலத்தில் 2020இல் வந்த ஸ்வநிதிக் கடன் இருக்கிறது. முதலில் 10,000 என்று இருந்தது, 2025இல் 15,000 ஆக்கப்பட்டது. ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் 7 விழுக்காட்டை அரசு திருப்பித் தருகிறது. முத்ராவில் 50,000 வரை சொத்து ஜாமீன் இல்லாமல் கேட்கலாம். வங்கியில் "நாளை வா" என்பார்கள். நாளையும் போக வேண்டும்; முடிந்தால் எங்களில் ஒருவர் விடுப்புப் போட்டுக் கூட வருவோம். தண்டல் நடக்கிறபோது வங்கிக் கடன் கிடைத்தால் முதலில் தண்டலை முடியுங்கள். அதை வைத்துக்கொண்டு வண்டிக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள்.

அந்த இளைஞர் இன்றும் வந்திருக்கிறார். என்ன தொழில் தெரியும் என்று கேட்டோம். எட்டு வருடம் பை தைக்கும் பட்டறையில் இருந்தவர். கடைக்காரர் ஒருவர் துணி கொடுத்துக் கூலிக்குத் தைத்து வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். பழைய மிஷின் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறார். தண்டல்காரர் நேற்றே வீட்டுக்கு வந்து போய்விட்டாராம். அடுத்த மாதம் தொடங்கும் சீட்டில் முதல் சீட்டை இவருக்குத் தரலாமா, பொறுப்பேற்க யார் இருவர் முன்வருகிறீர்கள் என்பதைக் கேட்கத்தான் இவ்வளவும் பேசினோம். நோட்டு மேசைமேல் இருக்கிறது.