இங்கிலாந்தில் டிஸ்டிரிக்ட் கவுன்சில் தேர்தல்கள்

இங்கிலாந்தில் டிஸ்டிரிக்ட் என்று வழங்குவது இந்நாட்டு ஜில்லாவுக்குச் சமமானதன்று; ஏறக்குறைய ஒரு தாலூகாவுக்கே ஒப்பாகும். ஜில்லாவின் ஸ்தானத்தில் அங்கு இருப்பது கவுண்டி. கிராமத்துச் சாக்கடை, குடிநீர், ஏழைகளுக்கு வீடு ஆகிய காரியங்கள் நெடுங்காலம் டிஸ்டிரிக்டின் பொறுப்பிலேயே இருந்தன. ஆகவே அதன் அங்கத்தினரை யார் தெரிந்தெடுப்பது என்பது, எவன் வாசலுக்கு நல்ல தண்ணீர் வரும் என்பதைத் தீர்மானிக்கும் விஷயமாயிற்று.

டிஸ்டிரிக்ட் கவுன்சில்கள் தோன்றுமுன் கிராமப்புறச் சுகாதாரம் ஏழைகள் பரிபாலன போர்டுகளின் கையில் இருந்தது. அந்தப் போர்டுகளின் தேர்தல் முறை விசித்திரமானது. 1844-ம் வருஷத்துச் சட்டப்படி, 50 பவுனுக்குக் குறைந்த வருஷ மதிப்புள்ள சொத்துக்கு ஒரு வோட்டு. மதிப்பு ஏற ஏற வோட்டும் ஏறி, 250 பவுனுக்கு ஆறு வோட்டு. சொத்தின் சொந்தக்காரனே அதில் குடியிருந்து வரியும் செலுத்துவானாயின் அவனுக்குப் பன்னிரண்டு வரை உண்டு. வோட்டுச் சீட்டை வீட்டிலே கொடுத்துச் சென்று, பின்னர் வந்து வாங்கிப் போவார்கள். கூலியாள் குடியிருந்த குடிசையோ பெரும்பாலும் பண்ணைக்காரருடையது. வேலை போனால் வீடும் போகும். அத்தகையவன் தன் வோட்டை எவ்வளவு சுயேச்சையாக அளித்திருப்பான் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். இவ்வளவும் போதாதென்று, அவ்விடத்து மாஜிஸ்டிரேட்டுகள் தேர்தலின்றியே போர்டில் அமர்ந்தனர்.

1894-ம் வருஷத்து ஸ்தல ஸ்தாபனச் சட்டம் இவற்றையெல்லாம் அகற்றியது. பணக்காரனின் அதிக வோட்டுகள் ஒழிந்தன. மாஜிஸ்டிரேட்டுகளின் தனி உரிமை நீங்கிற்று. அபேட்சகருக்குச் சொத்து வேண்டும் என்ற நிபந்தனையும் போயிற்று. வோட்டு இரகசியமாயிற்று. மணமான ஸ்திரீகளும் அங்கத்தினராகலாம் என்று ஏற்பட்டது. அதே சட்டம் உண்டாக்கிய கிராமக் கவுன்சில்களுக்கு மட்டும், யாரும் வோட்டெடுப்புக் கோராவிடில், பொதுக்கூட்டத்தில் கை தூக்கியே அங்கத்தினரைத் தெரிந்தெடுத்தனர். எஜமானர் எதிரே அமர்ந்திருக்கக் கையை உயர்த்துவது எல்லாருக்கும் எளிதன்று.

ஆயினும் டிஸ்டிரிக்டிலும் கதவு திறந்ததே தவிர, உள்ளே செல்வது சுலபமாயில்லை. கூட்டங்கள் சந்தையூரில் பகல் வேளையில் நடக்கும். பல மைல் நடந்து, அன்றைய கூலியையும் இழந்து வரக் கூடிய தொழிலாளி எத்தனை பேர்? அங்கத்தினரின் வருமான நஷ்டத்திற்கு ஈடு கொடுக்கும் பொதுவான ஏற்பாடு 1948-ம் வருஷத்துச் சட்டத்தாலேயே வந்தது. அதுவரை பல ஸ்தானங்கள் நிலமுடையோருக்கும் பாதிரிமாருக்கும் போட்டியின்றியே கிடைத்து வந்தன. சட்டம் வோட்டைச் சமமாக்கிற்று. ஒரு நாள் கூலியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டது!

வோட்டுரிமை படிப்படியாக விரிந்தது. 1945-இல் பார்லிமெண்டு வாக்காளர் அனைவருக்கும் ஸ்தல வோட்டு கிடைத்தது. 1969-ம் வருஷத்துச் சட்டம் வோட்டு வயதை 18 ஆக்கியதோடு, ஊரில் வசியாமல் சொத்தை மட்டும் காட்டிப் பெறும் வோட்டையும் நீக்கிற்று. 1844-இன் கடைசி நிழல் அதுவே எனலாம்.

பழைய டிஸ்டிரிக்டுகள் 1974 ஏப்ரல் 1-இல் மறைந்து, அவற்றினும் பெரியவை பிறந்தன. கேம்பிரிட்ஜ் நகரைச் சூழ்ந்த தெற்குக் கேம்பிரிட்ஜ்ஷயர் அவற்றுள் ஒன்று. அங்கு வெகு காலம் மூன்றில் ஒரு பங்கு அங்கத்தினரே ஒவ்வொரு முறையும் தேர்தலுக்கு நின்றனர். 1894-ம் வருஷத்துச் சட்டத்திலும் பொது விதி அதுவே. இதனால் பழக்கமுள்ளவர் எப்போதும் சபையில் இருப்பர். ஆனால் ஜனங்கள் சபையை ஒரே நாளில் மாற்ற இயலாது. 2018-இல் அங்கு ஸ்தானங்கள் 57-இலிருந்து 45 ஆகக் குறைக்கப்பட்டு, அனைத்தும் ஒருங்கே தேர்தலுக்கு வந்தன. அத்தேர்தலில் லிபரல் டெமாக்ரட் கட்சியார் 30 இடம் பெற, ஆண்டு வந்த கன்சர்வேடிவ் கட்சியாருக்கு 11 மட்டுமே கிடைத்தது.

வேறு சில கவுண்டிகளில் டிஸ்டிரிக்டே இல்லாமற் போயிற்று. நார்த் யார்க்ஷயரில் ஏழு டிஸ்டிரிக்டுகள் 2023 ஏப்ரல் 1-இல் கலைக்கப்பட்டன. அவற்றின் வேலை 90 அங்கத்தினர் கொண்ட ஒரே கவுன்சிலுக்குச் சென்றது. ஸ்கார்பரோ கடற்கரைவாசிகளின் பிரதிநிதிகள் முன்பு தம் ஊரிலேயே கூடினர். புதிய கவுன்சிலின் தலைமை ஸ்தலம் நார்தல்லர்ட்டன். ஸ்கார்பரோவிலிருந்து ஏறக்குறைய 50 மைல்.