நாக்கு சொன்ன சாட்சி



நம் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் வழக்கமாக இலக்கியம் பேசுவோம், மொழி பேசுவோம். இந்த வருடம் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "உங்க மனசுக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணைப் பத்திப் பேசுங்க" என்றார். எதைப் பேசுவது என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு தொலைக்காட்சித் தொடர். அதிலும் ஒரே ஒரு எபிசோடு. 1973 அக்டோபர் 7-ஆம் தேதி ஒளிபரப்பானது. முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். போன வாரம் மறுபடி பார்த்தேன். அதில் வரும் ஒரு உணவகக் காட்சியைக் கண்டதும், வீட்டில் தனியாக இருந்தும், மறுபடியும் எழுந்து நின்று கைதட்டினேன்.

தொடரின் பெயர் 'கொலம்போ'. இந்த அரங்கத்தில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கசங்கிய மழைக்கோட்டு இப்போதே கண்ணில் வந்திருக்கும். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் கூடியிருக்கும் இதே லாஸ் ஏஞ்சலஸில் நடக்கும் கதை. கொலை வழக்குகளை விசாரிக்கும் போலீஸ் லெப்டினன்ட் ஒருவர். கலைந்த தலை, கையில் பாதி எரிந்த சுருட்டு, லொடலொடக்கும் பழைய பெஜோ 403 கார். பேச்சுக்குப் பேச்சு 'என் மனைவி சொல்வாள்' என்பார். அந்த மனைவியை இந்தத் தொடரில் ஒருநாளும் நாம் பார்க்க முடியாது. நடித்தவர் பீட்டர் ஃபால்க். மூன்று வயதில் புற்றுக்கட்டி வந்து வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். கடைசிவரை கண்ணாடிக் கண்தான். அந்த மழைக்கோட்டுகூட அவர் தன் சொந்தக் காசில் வாங்கியது. கதாபாத்திரத்தைப் படைத்தவர்கள் ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் என்ற இரு நண்பர்கள். தொடர் வரிசையாக 1971-இல் தொடங்கியது. கடைசிக் கதை 2003-இல் வந்தது. மொத்தம் 69 கதைகள்.

துப்பறியும் கதை என்றால் கொலைகாரன் யார் என்பதைக் கடைசிப் பக்கம் வரை ஒளித்துவைப்பார்கள். கொலம்போவில் அப்படியில்லை. முதல் கால் மணி நேரத்திலேயே கொலை நம் கண் முன்னால் நடந்துவிடும். யார் செய்தது, ஏன் செய்தது, எப்படி மறைத்தது, எல்லாம் நமக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் கோட்டுக்காரர் உள்ளே வருவார். இந்த முறையை ஆங்கிலத்தில் முதலில் கையாண்டவர் ஆஸ்டின் ஃப்ரீமன் என்ற எழுத்தாளர். அவருடைய அந்தச் சிறுகதைத் தொகுப்பு 1912-இல் வந்தது. எல்லாம் தெரிந்துவிட்ட பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. அதற்குப் பதில் சொன்னவர் என் அம்மா.

1994 கோடையில் அம்மா எங்களோடு வந்து ஆறு மாதம் இருந்தார். செய்யாறு பக்கத்துக் கிராமம். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. பகலெல்லாம் நாங்கள் வேலைக்குப் போய்விடுவோம், பேச ஆள் கிடையாது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கேபிள் டிவியில் கொலம்போ மறுஒளிபரப்பு வரும். நான் பார்க்கும்போது அம்மாவும் வந்து பக்கத்தில் உட்காருவார். முதல் நாள் நான் கதையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா கையமர்த்தினார். "நீ சும்மா இருடா. அவன்தான் அடிச்சான்னு பார்த்தாச்சில்ல? இந்தக் கோட்டுக்காரன் எப்போ புடிக்கிறான்னு பாப்போம்."

அவருக்கு அது புதிதே இல்லை. எங்கள் பக்கம் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். பதினெட்டாம் போர் அன்றைக்கு, துரியோதனன் தொடையில் அடிபட்டு விழப்போகிறான் என்பது தெரியாத ஓர் ஆள் அந்த மணலில் இருக்கமாட்டார். கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்போம். என்ன நடக்கும் என்று பார்க்கப் போனவர்கள் அல்ல நாங்கள். இந்த வேஷக்காரர் இன்றைக்கு எப்படி விழப்போகிறார், அதற்கு முன்னால் எப்படி வீறாப்புப் பேசப்போகிறார் என்பதற்காகத்தான் போனோம். ஹாலிவுட்டில் உட்கார்ந்து இரண்டு பேர் தொலைக்காட்சிக்குப் படைத்த தொடரை, செய்யாற்றங்கரையில் கூத்துப் பார்த்து வளர்ந்த ஒரு பெண்மணி மொழி தெரியாமலே சரியான இடத்தில் பிடித்துக்கொண்டார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

இனி அந்த எபிசோடு. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்'. புயலில் மாட்டிக்கொண்டவனுக்கு எந்தத் துறைமுகமும் சரிதான் என்பது அவர்கள் பழமொழி. போர்ட் என்றால் துறைமுகம். போர்ச்சுகல் நாட்டு ஒயின் ஒன்றுக்கும் அதே பெயர். இந்த இரண்டாவது பொருள்தான் கதையின் உயிர்.

ஏட்ரியன் கார்சினி ஒரு ஒயின் பண்ணையை நடத்துகிறார். நடித்தவர் டொனால்ட் பிளசன்ஸ், இங்கிலாந்து நடிகர். கார்சினிக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை. ஒயின்தான் எல்லாம். முதல் காட்சியில் நண்பர்கள் சுற்றி நிற்க, பழைய ஒயின் ஒன்றை வேறு குடுவைக்கு மாற்றுகிறார். பழைய ஒயினில் அடியில் வண்டல் தங்கியிருக்கும். கலங்காமல் பாட்டிலைச் சாய்த்துத் தெளிந்ததை மட்டும் வடிக்க வேண்டும். பார்ப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். நம் மொழியில் தேறல் என்று ஒரு சொல் இருக்கிறது. தெளிந்த மது. தேறு என்ற வினையிலிருந்து வந்தது. தெளிவையும் மதுவையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் நமக்கு, கார்சினியின் கை ஏன் அவ்வளவு நிதானமாக இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பண்ணை நிலம் அவர் பெயரில் இல்லை. அப்பா அதை இளையவனுக்கு எழுதிவைத்துவிட்டார். அந்தத் தம்பி ரிக், வேறு தாய்க்குப் பிறந்தவன், வேகமான கார், கடலுக்குள் முக்குளிப்பு என்று திரிகிறவன். அன்றைக்கு வந்து, நிலத்தை விற்கப்போகிறேன் என்கிறான். யாருக்கு? மலிவு ஒயினைக் கேலன் கணக்கில் விற்கும் ஒரு கம்பெனிக்கு. கார்சினிக்கு ரத்தம் தலைக்கேறி அடித்துவிடுகிறார். தம்பி மயங்கி விழுகிறான். சாகவில்லை. அதுவரை கோபம் என்று சொல்லலாம். அதற்குப் பிறகு செய்வதுதான் கொலை. அவனைக் கட்டி நிலவறைக்குள் போட்டு, குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நியூயார்க்கில் ஏலம் எடுக்கப் போய்விடுகிறார். உள்ளே காற்றில்லாமல் ரிக் மூச்சுமுட்டிச் சாகிறான். திரும்பி வந்து, முக்குளிக்கும் உடுப்பை மாட்டி உடலைக் கடலில் தள்ளிவிடுகிறார். கடலில் முக்குளித்தபோது நேர்ந்த விபத்து என்று எல்லாரும் நம்புகிறார்கள்.

நியூயார்க் ஏலக் காட்சி கொஞ்சம் இழுவை. அதை விட்டுவிடலாம். கொலம்போ வந்ததும் கதை நிமிர்ந்து உட்காருகிறது. இறந்தவன் வயிற்றில் இரண்டு நாளாக உணவில்லை, ஏன்? கடற்கரையில் பல நாள் வெட்டவெளியில் நின்றதாகச் சொல்லும் கார் மேல், இடையில் மழை பெய்தும் ஒரு கறை இல்லை, ஏன்? இதெல்லாம் எந்தத் துப்பறிவாளரும் கேட்கும் கேள்விதான். கொலம்போ இதற்கு மேல் செய்வதற்காகத்தான் நான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன். அவர் ஒயினைப் படிக்கப் போகிறார். விவரம் தெரிந்த ஒருவரிடம் போய், இதையெல்லாம் கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்கிறார். நாற்பது வருடம் என்கிறார் அவர். கொலம்போ கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தையும் அவர் முழு மனதோடு கற்கிறார். பிறகு கார்சினி ஊற்றிக் கொடுக்கும் சிவப்பு ஒயினைச் சுவைத்து, இன்ன வகை என்று சொல்கிறார். கார்சினியின் முகம் மலர்வதைப் பாருங்கள்! தன்னைத் தூக்கில் போட வந்தவனிடம் ஒரு நல்ல மாணவனைக் கண்ட மலர்ச்சி அது. எதிராளியின் கலைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த போலீஸ்காரரை வேறெந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த உணவகம். தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்பாக என்று சொல்லி, கார்சினியையும் அவருடைய செயலாளர் கேரனையும் கொலம்போ விருந்துக்கு அழைக்கிறார். சாப்பாடு முடிந்ததும் 1945-ஆம் வருடத்துப் போர்ட் வருகிறது. அபூர்வமான பாட்டில். கார்சினி முகர்கிறார். ஒரு வாய் எடுக்கிறார். அவ்வளவுதான், கொதித்து எழுகிறார். இது கெட்டுப்போன ஒயின், கடும் சூட்டில் வெந்துபோனது, இதையா மேசைக்குக் கொண்டுவந்தீர்கள் என்று அந்த உணவகமே அதிரச் சத்தம் போடுகிறார். பரிமாறுகிறவர்கள் கைகட்டி நிற்கிறார்கள். கொலம்போ எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்த இடத்தில் எங்கள் வீட்டு சோபாவில் அம்மா ஓங்கித் தொடையில் தட்டினார். "அவன் நாக்கே அவனைக் காட்டிக் குடுத்துடுச்சுடா!"

எனக்குப் புரியவில்லை. கார்சினி சொன்ன ஆங்கில வார்த்தைகளைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மிஷினை நிறுத்திட்டுப் போனான்ல? வெயில் காலம். பூட்டின ரூம். மாவை வெளில வெச்சா என்ன ஆவும்? புளிச்சுப் பொங்கிடும்ல? அப்படித்தான் அவன் சாராயமெல்லாம் கெட்டிருக்கு. அந்த பாட்டில் அவன் வூட்டுதுடா!"

உண்மை அதுதான். அந்த பாட்டிலைக் கார்சினியின் நிலவறையிலிருந்தே கொலம்போ எடுத்துவந்திருந்தார். கார்சினி ஊரில் இல்லாத அந்த வாரத்தில் ஒரு நாள் வெயில் ஃபாரன்ஹீட்டில் 100 டிகிரியைத் தாண்டியிருந்தது. குளிர்ச்சி நின்றுபோன நிலவறையில் அவர் ஆயுளெல்லாம் சேர்த்த பாட்டில்கள் அத்தனையும் வெந்துவிட்டன. உயிரினும் மேலாகக் காத்த அறையின் குளிர்ச்சியை அவரே ஏன் நிறுத்தியிருப்பார்? உள்ளே ஒரு மனிதன் சாக வேண்டியிருந்தது. நுட்பம் இதோடு முடியவில்லை. அந்தச் சூட்டை நாக்கில் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். கொலம்போவால் முடியாது. பரிமாறியவர்களாலும் முடியாது. கார்சினியின் நாக்கு கொஞ்சம் மட்டமாக இருந்திருந்தால் அவர் தப்பித்திருப்பார். அவரிடம் இருந்த ஆகச் சிறந்த ஒன்றே எழுந்து நின்று அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. கைரேகை, ரத்தக்கறை, ஒளிந்து பார்த்த ஆள் என்று எத்தனையோ சாட்சிகளைக் கதைகளில் பார்த்துவிட்டேன். இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

பிறகு கார்சினி பாட்டில்களைக் கடற்கரைப் பாறைக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றாகக் கடலில் வீசுகிறார். கொலம்போ அங்கே காத்திருக்கிறார். கார்சினி எதையும் மறுக்கவில்லை. ஒருவகையில் அவருக்கு விடுதலைதான். கேரன் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, அவருக்காகப் பொய் சொல்லி, அதற்கு விலையாகத் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லியிருந்தாள். ஜூலி ஹாரிஸ் என்ற பெரிய நடிகை அந்தப் பாத்திரத்தைச் செய்திருக்கிறார்; அந்த அம்மையாரின் முகத்தில் தெரியும் தனிமையைப் பற்றியே இன்னொரு மாலை பேசலாம்.

கடைசிக் காட்சி. கைதியை ஏற்றிக்கொண்டு போகும் வழியில் அந்தப் பழைய பெஜோ பண்ணை வாசலில் நிற்கிறது. கார்சினி தன் இடத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கிறார். கொலம்போ ஒரு பாட்டிலையும் இரண்டு கோப்பைகளையும் எடுக்கிறார். மான்டெஃபியஸ்கோனே என்ற இத்தாலிய ஒயின், சாப்பாடு முடிந்த பிறகு இனிப்புக்குக் குடிப்பது. முடிவு நேரத்துக்கு ஏற்ற தேர்வு. கார்சினி அதைப் பார்த்துவிட்டு, நன்றாகக் கற்றுக்கொண்டீர்கள் என்கிறார். இதைவிட நல்ல வார்த்தையை யாரும் எனக்குச் சொன்னதில்லை என்று கொலம்போ பதில் சொல்கிறார். அதை அவர் மனதாரச் சொல்கிறார்; ஃபால்க்கின் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கொலைகாரனுக்கா அழுவறே?" என்று கேட்டேன்.

"படுகளத்துல துரியோதனனுக்கு ஒப்பாரி வெக்கறதில்லையா? அழ ஒரு ஆள் வேணும்டா. இவனுக்கு அந்தக் கோட்டுக்காரன் இருந்தான்."

திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. நான் ரிமோட்டை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசிப் பெயர் ஓடி முடியும் வரை விடவில்லை.